டிகரி நான்காரோவின் ஓட்டு

ட்ரெகோஸ் ஊர் ஜெபக்கூடத்தின் வாசலில் நீலக் கொடியும் மஞ்சள் கொடியும் பனிமூட்டத்தில் நனைந்து ஒரே நிறமாகத் தொங்கின. ஜேபஸ் நான்காரோ தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரோரமாக நின்றான். மலைக்கு இந்தப் பக்கம் அவனை யாருக்கும் தெரியாது. இங்கே வாடகைக்கு இருந்தவன் அவன் அண்ணன் டிகரி. அண்ணனையும் அதிகம் பேருக்குத் தெரியாது. இருட்டோடு வேலைக்குப் போய் இருட்டோடு திரும்புகிற ஆளை யார் முகம் பார்த்திருப்பார்கள்?

டிகரி இப்போது ஹெப்சிபா சுரங்கத்தின் அடியில் இருந்தான்.

இலையுதிர் காலத்தில் அங்கே ஒரு பாறைச்சுவர் உடைந்து, பழைய குழியின் தண்ணீர் உள்ளே புகுந்தது. கீழே வேலையில் இருந்தவர்களில் ஒருவரும் மேலே வரவில்லை. பம்ப் நின்றது. தண்ணீர் குழிவாய்க்குச் சற்றுக் கீழே வரை ஏறி, துருவின் சிவப்போடு அசையாமல் கிடந்தது. புத்தாண்டு முடிந்த கையோடு அந்தத் தொகுதியின் உறுப்பினர் நெஞ்சடைத்துச் செத்துப்போக, இடைத்தேர்தல் வந்தது. வாக்காளர் பட்டியல் மட்டும் போன கோடையில் எழுதியது.

அதில் டிகரி உயிரோடு இருந்தான்.

"என்ன தம்பி, சுவரோட ஒட்டிக்கிட்ட?" நீலக் கட்சி முகவர் லக்ஸ்டன் பின்னால் வந்து நின்றார். பருத்த மனிதர். எப்போதும் வாயில் புதினா மிட்டாய். "எந்த இடைத்தேர்தல்ல செத்தவங்க ஓட்டுப் போடாம இருந்திருக்காங்க? போன தடவை எங்க மாமனாரே வந்து போட்டுட்டுப் போனாரு. அவரைப் புதைச்சவன் நானு."

ஜேபஸ் சிரிக்கவில்லை. "அண்ணன் இருந்திருந்தா மஞ்சளுக்குத்தான் போட்டிருப்பாருங்க."

"இருந்திருந்தா. இல்லையே."

"மஞ்சளுக்கு நிக்கிற ஹாக்கின், ஜெயிச்சா தண்ணிய இறைப்பேன்னு சொல்றாரு. கீழ கெடக்கிறவங்கள மேல கொண்டாந்து அடக்கம் பண்ணுவேன்னு..."

"அதுவரைக்கும் உன் அடுப்பு எதை வச்சு எரியும்? ஹெப்சிபா சுரங்கமே நம்ம நீலத்துக்கு நிக்கிற போல்வென் துரையோடது. அவர் ஜெயிச்சா மலைக்கு அந்தாண்டை புதுக் குழி தோண்டப்போறாரு. முதல் ஷிப்ட்டுக்குக் கேப்டன் யாரு? நீதான். என் கையில எழுதியே குடுத்திருக்காரு." லக்ஸ்டன் குரலைத் தாழ்த்தினார். "உங்க அண்ணனுக்குப் படிக்கத் தெரியாதுல்ல?"

"தெரியாது."

"நல்லதாப் போச்சு. உள்ள போய்ப் படிக்கத் தெரியாதுன்னு சொல்லு. வெளியாளுங்களை அனுப்பிட்டு, உன்னை வாயால சொல்லச் சொல்லுவாங்க. எங்க ஆளு உள்ள உக்காந்திருப்பான். அவன் காதுல விழற மாதிரி போல்வென் பேரைச் சொல்லணும். ரகசியமாக் குத்துறேன்னு எனக்குக் காது குத்தாதே."

ஜேபஸ் உள்ளே போனான்.

அறையில் ஈரக் கம்பளி நாற்றமும் விளக்குப் புகையும் இருந்தன. மேசைக்குப் பின்னால் வாக்குச்சாவடி அதிகாரி. டவுனிலிருந்து வந்தவர், ஜலதோஷத்தில் மூக்குச் சிவந்திருந்தது. ஒரு பக்கம் நீலத்துக்காரன். மறுபக்கம் சட்டையில் மஞ்சள் பூ குத்திய ஒல்லியான மனிதன். அவன் கண் ஜேபஸின் முகத்தை விட்டு நகரவில்லை.

"பேரு?"

"டிகரி நான்காரோ."

"ஐயா," என்றான் மஞ்சள் பூக்காரன். "இவரைக் கேள்வி கேக்கணும். சட்டப்படி."

அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "இந்தப் பட்டியல்ல டிகரி நான்காரோன்னு பேர் இருக்கிற ஆள் நீதானா?"

தலையாட்டினால் போதும் என்று நினைத்திருந்தான். போதவில்லை. எல்லோரும் அவன் வாயையே பார்த்தார்கள்.

"நான்தான்."

எங்கோ ஒரு சொட்டு விழுந்தது. விளக்கின் சுடர் சற்றே சாய்ந்தது, யாரோ கதவைத் திறந்ததுபோல. கதவு மூடித்தான் இருந்தது. ஈரக் களிமண்ணும் உருகிய கொழுப்பு மெழுகுவத்தியும் கலந்த ஒரு நாற்றம் வந்தது. சுரங்கத்திலிருந்து ஏறி வருகிறவர்களின் தொப்பியில் வரும் நாற்றம்.

"இந்தத் தேர்தல்ல இதுக்கு முன்னாடி ஓட்டுப் போட்டிருக்கியா?"

"இல்லீங்க." அது உண்மை.

படிக்கத் தெரியாது என்றான். வரிசையில் நின்றவர்களை வெளியே அனுப்பினார்கள். போல்வென் பெயரைச் சொன்னான். நீலத்துக்காரன் தன் காதைத் தடவிக்கொண்டான். அதிகாரி பென்சிலை எடுத்தவர், தாளைப் பார்த்து முகம் சுளித்தார்.

"கையக் கழுவிட்டு வரக்கூடாதா மனுஷா?"

தாளின் ஓரத்தில் ஈரமாக ஒரு கட்டைவிரல் தடம். சிவப்பாக.

ஜேபஸ் தன் கையைப் பார்த்தான். காய்ந்திருந்தது.

அவன் அந்தத் தாளை இன்னும் தொடவே இல்லை.

மலை ஏறித் திரும்பும்போது மனைவி லவ்டே கட்டிக்கொடுத்த பேஸ்ட்டியைத் துணியிலிருந்து பிரித்தான். மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்துச் சுட்டது. ஒரு மூலையில் அவன் பெயரின் முதலெழுத்தை வழக்கம்போல் மாவில் கீறியிருந்தாள். அண்ணனுக்கும் அவள்தான் செய்துகொடுப்பாள், அவனுடைய எழுத்தைக் கீறி. டிகரி கடைசி மூலையை மட்டும் தின்னமாட்டான். சுரங்கத்துக்கு உள்ளே பாறைக்குப் பின்னாலிருந்து தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அது அவர்களுடைய பங்கு என்பான். கீழே இறங்குகிற எல்லோருமே அப்படித்தான். ஜேபஸ் மேலே தாதுக்கல் உடைக்கிறவன். அவனுக்கு அந்த வழக்கமில்லை. இன்றும் எழுத்தோடு சேர்த்துத் தின்றான்.

வாயில் துருவின் ருசி வந்தது.

பனி கீழிறங்கி வழியை மறைத்தது. அவன் எங்கே திரும்பினான் என்று அவனுக்கே தெரியவில்லை. மதியம் மாலையாக மங்கியபோது, எதிரே ஹெப்சிபாவின் இயந்திரக் கட்டடம் கறுப்பாக நின்றது. இந்தப் பக்கம் வரக்கூடாது என்றுதான் காலையில் சுற்றிப் போயிருந்தான்.

குழிவாயில் பலகை அடித்திருந்தார்கள். ஒரு பலகை விலகியிருந்தது.

சத்தம் கேட்டது. தட். தட். கல்லில் கல் மோதுகிற மாதிரி, ஆழத்திலிருந்து.

அவன் எட்டிப் பார்த்தான். தண்ணீர் தெரிந்தது. அதற்கு வெகு கீழே, மஞ்சளாக ஒரு வெளிச்சப் புள்ளி. சுரங்கத்து ஆட்கள் களிமண் உருண்டையில் மெழுகுவத்தியைச் செருகித் தொப்பியில் ஒட்டிக்கொள்வார்களே, அந்த வெளிச்சம்.

தண்ணீருக்குள் மெழுகுவத்தி எரியாது.

புள்ளி பெரிதானது. அது மேலே வந்துகொண்டிருந்தது.

ஜேபஸ் ஓடினான்.

அவன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விளக்கேற்றியிருந்தார்கள். வாக்குப்பதிவு முடிய இன்னும் நேரமிருந்தது. ஜன்னலில் தெரிந்த முகங்கள் எல்லாம் தெரிந்த முகங்கள். அவனுக்கு மூச்சு திரும்பியது. ஓடி வரும்போதே ஒன்று முடிவு செய்திருந்தான். தன் ஓட்டு தன்னிடம் இருக்கிறது. அதை மஞ்சளுக்குப் போட்டுவிட்டால் அண்ணன் ஓட்டும் இவன் ஓட்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். கணக்கு நேராகிவிடும். அண்ணனுக்குச் செய்தது செய்யாததாகிவிடும்.

சாவடி அதிகாரியாக உட்கார்ந்திருந்தவர் பள்ளி ஆசிரியர் கிட்டோ. ஜேபஸைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

"என்னப்பா, எதையாச்சும் மறந்து வச்சுட்டியா?"

"ஓட்டுப் போட வந்தேங்க ஐயா."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "வேதம் வாசிக்கிற ஆளு குடிச்சுட்டு வந்திருக்கான் பாருங்கடா!" என்றான் ஒருவன்.

"இப்பத்தானே போட்டுட்டுப் போன?" என்றார் கிட்டோ. அவர் சிரிக்கவில்லை. "அந்த வாசல்ல நீ இறங்கி அரை நாழி ஆகியிருக்காது. உன்னைப் பத்திதான் பேசிக்கிட்டிருந்தோம். மழையே இல்லை, நீ மட்டும் தொப்பறையா நனைஞ்சு வந்து நிக்கிற. கேட்டா பேச்சில்லை."

"நான் வரலீங்க."

"அப்போ இது யாரு போட்ட கோலம்?"

தரையில் வாசலிலிருந்து மேசை வரை காலடித் தடங்கள். சிவந்த தண்ணீர் இன்னும் காயவில்லை. தடங்கள் மேசைக்கு வந்து, திரும்பி, வெளியே போயிருந்தன. அவன் வீடு இருக்கும் திசையில்.

"அதுகூடப் பரவால்ல," என்றார் கிட்டோ மெதுவாக. "படிக்கத் தெரியாதுன்னு சொன்னியே, ஏன்ப்பா? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எங்க பசங்களுக்கு வேதம் வாசிச்சுக் காட்டுறவன் நீ. ஆளுங்களையெல்லாம் வெளிய அனுப்பிட்டு வாயால சொல்ல வச்சோம். ஹாக்கின்னு சொன்ன. கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருந்துச்சு குரல்."

படிக்கத் தெரியாதவன் டிகரி.

ஜேபஸ் மேசையைப் பிடித்துக்கொண்டான். "அது நானில்லீங்க. வேற யாரோ என் பேர்ல..."

"அப்படின்னா அதுக்கும் சட்டத்துல வழி இருக்கு. வேற நிறத்துல ஒரு தாள் தருவேன். ஆனா முதல்ல கேள்விக்குப் பதில் சொல்லணும்." கிட்டோ பட்டியலில் விரலை வைத்தார். "ஜேபஸ் நான்காரோங்கிற ஆள் நீதானா?"

வாயைத் திறந்தான்.

நாக்கு அசையவில்லை. தொண்டைக்குள் குளிர்ந்த ஏதோ ஒன்று ஏறி நின்றது. 'நான்தான்' என்ற அந்த ஒரே சொல்லைக் காலையில் வேறொரு பெயருக்குக் கொடுத்துவிட்டான். திரும்ப எடுக்க முடியவில்லை.

"போப்பா," என்றார் கிட்டோ கடைசியில். "போய்ப் படு. லவ்டேகிட்ட சூடா ஏதாச்சும் கேளு."

வீட்டு ஜன்னலில் வெளிச்சம் இருந்தது. ஜேபஸ் உடனே கதவருகே போகவில்லை. வேலிக்கு இந்தப்புறம் நின்று பார்த்தான்.

அடுப்புக்கு எதிரே, இவனுடைய நாற்காலியில், போர்வை போர்த்திக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். முதுகுதான் தெரிந்தது. நாற்காலிக்குக் கீழே தண்ணீர் தேங்கியிருந்தது. லவ்டே அதைத் துணியால் ஒற்றிக்கொண்டே பேசினாள்.

"ஏய்யா, பனியில இப்படியா நனையும்? குட்டையில விழுந்து எந்திரிச்ச மாதிரி வந்திருக்க."

"குளிருது," என்றான் அவன்.

மகள் நோபி அவன் முழங்காலில் ஏறிக்கொண்டாள். "அப்பா, மஞ்சளுக்குத்தானே போட்ட?"

"மஞ்சளுக்குத்தான்."

லவ்டே எழுந்து நின்றாள். அவள் முகம் அடுப்பு வெளிச்சத்தில் மலர்ந்திருந்தது. "காலைல மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுப் போனியா, எனக்கு வேலையே ஓடல. அந்த லக்ஸ்டன் பய உன்னை வாங்கிட்டானோன்னு. பாவம்யா உங்க அண்ணன். ஒரு கைப்பிடி மண்ணுகூட இல்லாம கெடக்காரு." அவள் தட்டை அவன் முன்னால் வைத்தாள். "தின்னு. இப்பத்தான் எடுத்தேன்."

அவன் பேஸ்ட்டியைத் தின்னத் தொடங்கினான். பல நாள் பட்டினி கிடந்தவனைப்போல, மூச்சுவிடாமல். கடைசி மூலை வந்ததும் நிறுத்தினான். அதைத் தட்டின் ஓரத்தில் தனியே வைத்தான்.

ஜேபஸ் கதவுக்கு ஓடி இரண்டு கையாலும் தட்டினான்.

உள்ளே பேச்சு நின்றது.

"யாரு?" லவ்டேயின் குரல்.

நான்தான், ஜேபஸ், உன் புருஷன். அதைத்தான் சொல்ல நினைத்தான். கத்தினான்.

"டிகரி!"

அவன் காதிலேயே அது விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டான். கையை எடுத்துவிட்டு மறுபடி முயன்றான்.

"டிகரி! டிகரி நான்காரோ!"

தண்ணீரில் போனவன் மண்ணுக்குள் போகும்வரை இருட்டியதும் வாசலில் வந்து தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான் என்பது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. கதவைத் திறக்கக்கூடாது. பேசக்கூடாது. ஜேபஸே அதை நோபிக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

லவ்டே முணுமுணுத்து ஜெபம் சொல்வது கேட்டது.

"அம்மா," என்றாள் நோபி அழுகையோடு. "பெரியப்பா கூப்பிடுறாரும்மா."

நாற்காலி நகர்ந்தது. ஈரமான காலடிகள் கதவுக்கு மறுபுறம் வந்து நின்றன.

"பதில் சொல்லாதீங்க," என்றான் அவன்.

அது ஜேபஸின் குரல்.

கொஞ்ச நேரத்தில் ஜன்னல் ஒரு விரல் அளவுக்குத் திறந்தது. வெளுத்து, சுருங்கி, நகங்களுக்கு அடியில் சிவந்த சேறு படிந்த ஒரு கை வெளியே வந்தது. ஜன்னல் கட்டையில் எதையோ வைத்துவிட்டு உள்ளே போனது. விளக்கு அணைந்தது.

பேஸ்ட்டியின் மூலை. மாவில் ஜேபஸின் எழுத்து.

கீழே இருப்பவர்களின் பங்கு.

அவனுக்குப் பசித்தது. ஒரு நாள் பசி இல்லை. இலையுதிர் காலத்திலிருந்தே பசித்ததுபோல் இருந்தது. எடுத்துத் தின்றான். பிறகு கால்கள் திரும்பின. ஹெப்சிபாவுக்குப் போகும் பாதையில் பனி விலகி வழிவிட்டது. அவன் பூட்சுக்குள் எப்போதோ தண்ணீர் நிறைந்திருந்தது.

இருட்டு.

அதற்குள் நாளும் இல்லை, மாதமும் இல்லை. பக்கத்தில் மற்றவர்கள் இருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. எப்போதாவது யாராவது பாறையைத் தட்டினார்கள். அவனும் தட்டினான்.

ஒருமுறை, வெகு உயரத்தில், இரும்பு இழுபடும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. பெரிய நெஞ்சு மூச்சிழுப்பதுபோல. பம்ப்.

ஹாக்கின் ஜெயித்திருக்கிறார் என்று ஜேபஸ் புரிந்துகொண்டான்.

தண்ணீர் அவன் முகத்திலிருந்து இறங்கியது. விளக்குகள் வந்தன. கைகள் அவனைத் தூக்கின. ஆட்கள் உடை மாற்றும் கொட்டகையில் பலகை போட்டு எல்லோரையும் வரிசையாகக் கிடத்தினார்கள். கதவு வழியாக வெயில் விழுந்தது. வெளியே புழுதி பறந்தது, கோடை வந்திருந்தது. கண்ணை மூட முடியவில்லை. கை விரலை அசைக்க முடியவில்லை. கேட்க மட்டும் முடிந்தது.

"எல்லாரும் வந்தாச்சுங்க," என்று ஒருவன் சொன்னான். "கூடவும் இல்ல, குறையவும் இல்ல. இறங்கினவங்க அத்தனை பேரும் இருக்காங்க."

விசாரணை அதிகாரி ஒவ்வொரு பலகையாக நின்று நின்று வந்தார். ஜேபஸின் தலைமாட்டில் நின்றார். அவருக்குப் பின்னால் மூன்று பேர். லவ்டே. நோபி. நோபியின் கையைப் பிடித்துக்கொண்டு, நல்ல கோட்டும் வாரிய தலையுமாக, அன்று நாற்காலியில் இருந்தவன்.

"இது டிகரி நான்காரோதானா?"

"ஆமாங்க ஐயா. அவன்தான். எங்க அண்ணன்."

அதிகாரி எழுதிக்கொண்டு நகர்ந்தார். லவ்டே குனிந்தாள். கையிலிருந்த பூங்கொத்தை நெஞ்சில் வைக்க வந்தவள் அப்படியே நின்றாள்.

அவள் கண் பலகையில் கிடந்தவனுடைய கோட்டின் முழங்கையில் இருந்தது. அங்கே பச்சைக் கம்பளி நூலில் ஒரு தையல். நோபியின் காலுறை பின்னி மிஞ்சிய நூல். ஓட்டுப் போடப் போகிறவன் கிழிந்த கோட்டோடு போகக்கூடாதென்று தேர்தலுக்கு முந்தின நாள் அவளே உட்கார்ந்து தைத்தது.

பாரு லவ்டே. நல்லாப் பாரு.

அவள் மெதுவாக நிமிர்ந்து, பக்கத்தில் நின்றவனின் காலைப் பார்த்தாள். புழுதிப் பாதையில் நடந்து வந்த மற்றவர்களின் காலடியில் மண் உதிர்ந்திருந்தது. அவன் நின்ற இடத்தில் மட்டும் தரை ஈரமாக, சிவப்பாக இருந்தது.

அவள் வாய் திறந்தது.

நோபியின் விரல்கள் அவன் கைக்குள் இருந்தன. அவன் அந்தக் கையைச் சற்று இறுக்கினான். அவ்வளவுதான்.

லவ்டே வாயை மூடிக்கொண்டாள்.

ஜேபஸைப் பெட்டிக்குள் இறக்கினார்கள். தச்சன் மூடியைக் கொண்டுவந்தான். வெயில் ஒரு கோடாகச் சுருங்கியது. மறைந்தது. ஆணி ஒவ்வொன்றாக இறங்கியது. பாதிரியார் ஜெபத்தைத் தொடங்கினார். ஜேபஸ் தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் வலது கையில் திரட்டினான்.

தட்.

பாதிரியாரின் குரல் நின்றது.

தட். தட்.

"பதில் சொல்லாதீங்க," என்றான் மூடிக்கு வெளியே நின்ற ஜேபஸ் நான்காரோ.